சுவரோரம் நிற்பவர்கள்: தென்கடல் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஆடி மாதம். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில், தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவை, பார்த்தபடி இருக்கும் ஒரு கன்னியர் மடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த தலைமைச் சகோதரி பேசினார். "எங்க சிஸ்டர் ஒருத்தங்க, எழுபத்தொம்பது வயசு. ராத்திரியில யாரையோ பார்க்கிறாங்க. மறதி நோயா, வேற எதுவுமான்னு தெரியலை. அதைக்கூடச் சமாளிச்சுருவோம். ஊரே வந்து வாசல்ல நின்னு குறி கேக்குது. அதுதான் பயமா இருக்கு."

ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஊர் அவரை அழைப்பது போலவே பெரிய சிஸ்டர் என்று சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இந்த ஆய்வைப் பாதித்தது. நான் மனநலச் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில், தர்காவுக்குக் குணம் தேடி வந்தவர்களை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கரையில் வேலைக்கு வந்தவள் நான். வீடு திரும்பலாம் என்று தர்காவின் மகான் கனவில் வந்து சொல்வதைத்தான் அங்கே உத்தரவு என்பார்கள்; 'உத்தரவு வரலை' என்ற ஒரே சொல்லுக்காக ஒரு பெண் எத்தனை வருடம் கட்டிக் கிடப்பாள் என்று பார்த்திருக்கிறேன். ஆகவே யாருக்காவது ஞானதிருஷ்டி இருக்கிறது என்றால் எனக்கு முதலில் வருவது எரிச்சல். அந்த எரிச்சலோடுதான் பேருந்து ஏறினேன்.

ஊர் சொன்னவை

முதல் மூன்று நாள் பெரிய சிஸ்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் கேட்டேன். கடல்பாசி எடுக்கும் பெண்கள், வள்ளக்காரர்கள், உபதேசியார், கீழக்கரையிலிருந்து எண்ணெய் பாட்டிலோடு வந்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா, டீக்கடை. எல்லாரிடமும் மூன்று கேள்விதான்: நீங்களே பார்த்தீர்களா, யார் சொல்லிக் கேட்டீர்கள், அந்தப் பேச்சு சம்பவத்துக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா?

மூன்றாவது கேள்விக்கு யாருக்கும் பதில் வரவில்லை. "அதெல்லாம் முன்னாடியே சொல்லிருவாக" என்பார்கள். எப்போது, யாரிடம் என்று கேட்டால், கூட இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

சேர்த்து எடுத்தால் ஊரின் கணக்கு இது. பெரிய சிஸ்டருக்குக் காற்று தெரியும்; அவர் வேண்டாம் என்றால் அன்றைக்குக் கடலுக்குப் போகக்கூடாது. திருக்கை முள் குத்தினால் அவர் கை வைத்தால் கடுப்பு இறங்கும். சாவு விழப்போகிற வீட்டு வாசலில் முந்தின நாளே போய் நிற்பார். காணாமல் போனவன் உயிரோடு இருக்கிறானா என்று சொல்வார். சுனாமியை ஜெபமாலையால் நிறுத்தியவர், புரெவிப் புயலைக் கடலிலேயே கட்டிப்போட்டவர். இப்போது கடைசியாக, கடல் கொண்டுபோனவர்கள் ராத்திரியில் வந்து அவர் அறைச் சுவரோரம் நிற்கிறார்கள்.

இதற்கெல்லாம் வேர்க்கதை ஒன்று உண்டு. அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பயணிகள் வண்டியில் அவர் ஏறவேண்டியதாம். நீலச் சேலை கட்டிய ஒரு அம்மா தோளைத் தொட்டு நிறுத்தினாளாம். வண்டி நூறு பேருக்கு மேல் ஆட்களோடு கடலுக்குள் போனது; பிள்ளை பிழைத்தது. இதை எனக்குச் சொன்னவருக்கு முப்பது வயதிருக்கும். அவருடைய பாட்டி சொன்ன கதையில் ரயிலே இல்லை என்று அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார். "கனவு கண்டுட்டுக் கிளம்பி வந்துட்டாகன்னுதான் அப்பச் சொல்லுவாக." ரயில் பின்னால் வந்து ஏறியிருக்கிறது.

ஒவ்வொன்றாக

சுனாமியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் சாவு. இராமநாதபுரம் கரை பெரிய அழிவில்லாமல் தப்பியதற்குக் காரணம் நமக்குக் கிழக்கே மதில்போலக் கிடக்கும் இலங்கைதான். அடியின் பெரும்பகுதியை அது வாங்கிக்கொண்டது. இதை விளக்கப் போனேன். பெரிய சிஸ்டர் எனக்கு முந்திக்கொண்டார். "நான் ஜெபமாலை சொன்னது நெசம். அன்னைக்கு வேளாங்கண்ணியிலயும்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக. அவுக என்ன பாவம் செஞ்சாக?" அதற்கு மேல் நான் பேச ஒன்றும் இருக்கவில்லை.

புரெவி சுவாரசியமானது. 2020 டிசம்பர் முதல் வாரம், திரிகோணமலை அருகே கரை ஏறி, இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனில் கூண்டு ஏற்றி, பள்ளிக்கூடங்களில் ஆட்களைத் தங்கவைத்து, எல்லாரும் காத்திருந்தார்கள். அது இராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் கடலிலேயே நகராமல் நின்று, வலுவிழந்து, மழையாகக் கரைந்தது. நின்றது உண்மை. ஊர் பொய் சொல்லவில்லை. தரையைக் கடந்த புயலுக்கு மூச்சு போய்விடும். மேலே அதைத் தள்ளிக்கொண்டு போகும் காற்றும் பலமில்லாமல் இருந்தால் அப்படியே நிற்கும். வானிலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் வாசலில் புயல் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு கிழவி கோயிலில் முழங்கால் போட்டிருந்தால், எந்த ஊருக்கும் அந்த இரண்டையும் சேர்க்காமல் இருக்க முடியாது. அந்த ராத்திரி அங்கே இருந்திருந்தால் நானும் சேர்த்திருப்பேனோ என்னவோ.

திருக்கை முள் விஷயத்தில் எனக்குத்தான் பாடம். பெரிய சிஸ்டர் நாற்பது வருடத்துக்கு மேல் சபையின் மருந்தகங்களில் வேலை பார்த்தவர். முள் குத்தினவன் வந்தால் முதலில் அடுப்பை மூட்டச் சொல்வார். தண்ணீரைத் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்து, பொறுக்கக்கூடிய சூட்டில், குத்துப்பட்ட காலை உள்ளே வைக்கச் சொல்வார். ஆறினால் மறுபடி ஊற்றச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடிப்பார். திருக்கையின் விஷம் சூட்டில் சிதையும் புரதம். ஏறக்குறைய 45 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருப்பதுதான் இன்றைக்கும் மருத்துவமனைகளில் முதல் சிகிச்சை. ஜெபமாலை கடிகாரத்தின் வேலையைச் செய்திருக்கிறது. ஊர் சொல்லும் கதையில் வெந்நீர் மட்டும் இல்லை.

சாவு வீடு? அவரோடு ஒரு நாள் வீடு வீடாகப் போனேன். படுத்திருப்பவரின் பாதத்தைத் தொடுவார், முழங்காலுக்கு மேலே சேலையை விலக்கித் தோலைத் தடவுவார், மூச்சைக் கேட்பார். மூச்சு ஏறி ஏறி, பிறகு இறங்கி, கொஞ்ச நேரம் அடங்கி, திரும்பத் தொடங்கும் ஒரு வகை உண்டு. மருந்தகத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியும். அதைக் கேட்டால் மறுநாள் காலையும் போய் நிற்பார். அன்று போன வீடுகளில் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வீடுகளை யாரும் கதையில் வைப்பதில்லை.

இனி காற்று. மடத்தின் கடலோரத் திண்ணையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. விடியுமுன் வள்ளக்காரர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். "சிஸ்டர், போகட்டா?" அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். எதைக் கேட்கிறீர்கள் என்றேன். "பாரைத்தான் தாயி." கரைக்கு அப்பால், தீவுகளை ஒட்டி ஓடும் பவளப்பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். தூரத்தில் எங்கோ புயலோ பெருங்காற்றோ அடித்தால், அங்கிருந்து கிளம்பும் நீண்ட அலைகள் காற்றுக்கு முன்னால் ஓடிவந்துவிடும். இங்கே இலை அசையாது, பாரில் மட்டும் உடையும் சத்தம் மாறும். அவருடைய அப்பா தனுஷ்கோடியில் கரைவலை இழுத்தவர். ராத்திரி பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு "கேளு, இப்ப எந்தக் கடல் கத்துது?" என்று கேட்பாராம். பாக் நீரிணைப் பக்கத்து வடகடலா, தென்கடலா. இரண்டு கடலுக்கும் நடுவே படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு.

இன்னொன்றும் இருந்தது. அவர் தலையணைக்கடியில் ஒரு டிரான்சிஸ்டர். வானிலை அறிக்கையை ஒரு நாள் விடாமல் கேட்பார். ஊருக்கும் இது தெரியும். "சிஸ்டர் ரேடியோ கேப்பாகளே" என்றால், "ஆமா, பாட்டு கேப்பாக" என்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தும் ஒரு காட்சி என்னை உலுக்கியது. ஒரு நாள் அதிகாலை, ஒரு பையன் வந்து கேட்டான். பெரிய சிஸ்டர் வெகுநேரம் காது கொடுத்துவிட்டு, "தெரியலை ராசா. இன்னைக்கு எனக்கு ஒண்ணும் பிடிபடலை" என்றார். பையன் கும்பிட்டுவிட்டு நடந்தான். பத்தடி தள்ளி நின்றவர்களிடம் அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "வேணாம்னுட்டாக." அன்றைக்கு எந்த வள்ளமும் இறங்கவில்லை. அன்றைக்குக் கடல் தாம்பாளம்போலக் கிடந்தது. போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று சாயங்காலம் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

என் களக்குறிப்பில் அன்று ஒரே வரிதான் எழுதினேன்: இவர் தவறாகச் சொல்ல இந்த ஊர் இவரை விடாது.

கண்

வந்த வேலைக்கு வருகிறேன். வயதானவர் ராத்திரியில் ஆட்களைப் பார்க்கிறார் என்றால் பார்க்கவேண்டியவை பல. மறதி நோய்களில் ஒரு வகை, லூவி பாடி என்பது, இப்படித்தான் தொடங்கும். சிறுநீர்த் தொற்று, உடம்பில் சோடியம் குறைவது, தூக்க மாத்திரை, பார்க்கின்சன் மருந்து, எல்லாமே உருவங்களைக் காட்டும். இரத்தப் பரிசோதனை செய்தோம். மருந்துச் சீட்டுகளைப் பார்த்தோம். நினைவாற்றல் சோதனையில், படம் வரைவது போன்ற கண் தேவைப்படும் கேள்விகளை விட்டுவிட்டால், அவர் என்னைவிட நன்றாகவே செய்தார். கண் தேவைப்பட்ட இடத்தில்தான் விஷயம் இருந்தது.

அவருக்கு ஆட்களின் முகம் தெரிவதில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நடையையும் குரலையும் வைத்து ஆளைச் சொல்வார். பேசாமல் வந்து நிற்பவரைக்கூட, செருப்புச் சத்தத்தை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அதையும் ஊர் அற்புதக் கணக்கில்தான் எழுதியிருந்தது. மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி வயதால் தேய்ந்திருந்தது. பார்வையின் ஓரம் இருக்கும், நடு இருக்காது. நேரே பார்க்கிற எதுவும் புகைமூட்டம்.

"என்ன பார்க்கிறீங்க, சிஸ்டர்?"

"ஆளுங்க. விளக்கு மங்குனா வாராக. சின்னச் சின்னதா இருப்பாக, சில நாள் நம்ம உசரத்துக்கு. நல்ல துணி உடுத்தியிருப்பாக. ஒருநாள் தொப்பி. பேசமாட்டாக. சுவத்தோரமா வரிசையா நிப்பாக. நான் கண்ணைச் சிமிட்டுனா போயிருவாக."

"பயமா இருக்கா?"

"எதுக்கு? அவுக நெசமில்லைன்னு தெரியுமே."

கடைசிப் பதில்தான் நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. 1760இல் சார்ல் போனே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், பார்வை மங்கிப்போன தன் தாத்தா மனிதர்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் பார்ப்பதாகச் சொன்னதை எழுதிவைத்தார். தாத்தாவின் புத்தி தெளிவாகவே இருந்தது. தான் பார்ப்பவை இல்லை என்றும் அவருக்குத் தெரியும். இன்று அது போனேயின் பெயரால் சார்ல் போனே நோய்க்குறி என்று அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்துபோனால், மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. தானாகவே படம் போடும். சத்தமில்லாத படம். மங்கிய வெளிச்சத்தில் அதிகம் வரும். கண்ணை அசைத்தால், சிமிட்டினால், விளக்கைப் போட்டால் பெரும்பாலும் போய்விடும். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை. இதற்கு முதல் சிகிச்சை, இது பைத்தியமில்லை என்று சொல்வதுதான்.

சொன்னோம். பெரிய சிஸ்டர் சிரித்தார். "அப்ப ஒரு பெரிய பல்பு போட்டாப் போதுமா?" போட்டோம். கொஞ்சம் குறைந்தது.

அவர் ஒருமுறைகூட அந்த உருவங்களைக் கடலில் போனவர்கள் என்று சொன்னதில்லை. நான் திருப்பித் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ராத்திரித் துணைக்குப் படுத்த பெண்ணிடம், "யாரோ நிக்கிறாக, விளக்கைப் போடு" என்றிருக்கிறார். அவ்வளவுதான். மறுநாள் கிணற்றடியில் அந்த 'யாரோ'வுக்கு ஊர் ஒவ்வொரு பெயராக வைத்தது. ஒரு அம்மா தன் மகனின் சட்டை நிறத்தைச் சொல்லி, அந்த நிறமா என்று கேட்டுவரச் சொன்னார். இன்னொருவர் 1964இல் போன தன் அத்தையைக் கேட்டார்.

1964

கண் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில்தான் அவர் தனுஷ்கோடியைப் பற்றிப் பேசினார். "ரயிலும் இல்லை, நீலச் சேலையும் இல்லை. நான் அந்த வருசம் ஆனி மாசமே மதுரைக்குப் போயிட்டேன், நவசன்னியாசத்துக்கு, சிஸ்டராகுற பயிற்சிக்கு. அம்மா வேணாம்னுச்சு. அப்பா போன்னாரு. புயல் அடிச்சு ரெண்டு மூணு நாளு எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பாம்பன் பாலமும் போச்சு, தந்தியும் போச்சு. தெரிஞ்சப்ப வீட்ல ஒருத்தரும் மிச்சமில்லை."

1914இலிருந்து நின்ற அந்தப் பாலத்தை 46 நாளில் சீர்செய்து ரயிலை விட்டுவிட்டார்கள். தனுஷ்கோடி ஊர் திரும்பவில்லை. அந்தோணியார் கோயிலின் சுவர் மட்டும் இன்றும் நிற்கிறது. சுற்றுலா வருபவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

"ஊர்ல என்னைத் தப்பிச்ச பிள்ளைன்றாக. நான் விட்டுட்டுப் போன பிள்ளை தாயி." இதை அவர் அழாமல் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாத்திரையும் மாதாவும்

இதுவரை படித்தவர்கள், பாவம் ஒன்றுமறியாத கிழவி, ஊர்தான் ஏற்றிவிட்டது என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் அறிக்கையை எழுதத் தொடங்கினேன். அது முழு உண்மையில்லை.

கடல்பாசிக்குப் போகும் ஒரு பெண்ணின் மகளுக்கு வலிப்பு. பேய் என்று ஏர்வாடி வரை கொண்டுபோய், திரும்பி இங்கே வந்திருக்கிறார்கள். பெரிய சிஸ்டர் அந்தப் பிள்ளையை இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். மாத்திரையை ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள், வலிப்பு திரும்பியது. இரண்டாம் முறை வந்தபோது அவர் ஓரியூர்ச் செம்மண்ணை ஒரு பொட்டலத்தில் மடித்துக் கொடுத்து, "மாதா எங்கிட்டச் சொன்னா. மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. விட்டா மண்ணு வேலை செய்யாது" என்றார். பிள்ளை இன்றுவரை மாத்திரையை விடவில்லை.

ஓரியூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1693 பிப்ரவரி 4 அன்று, போர்த்துகலிலிருந்து வந்த இயேசு சபைக் குரு அருளானந்தர் அங்கே தலை வெட்டப்பட்டார். அவர் இரத்தத்தில்தான் மண் சிவந்தது என்பது இந்தச் சீமையின் நம்பிக்கை. 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே சனங்கள் அந்த மண்ணை மருந்தாக எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். சாதி மதம் பார்க்காமல்தான். இங்கே மண் பேசும். டாக்டர் சீட்டு பேசாது.

"மாதா நெசமாவே சொன்னாளா, சிஸ்டர்?"

"மாதா எங்கிட்ட ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. நானும் அறுவது வருசமாக் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். டாக்டர் சொன்னா கேக்கமாட்டாக. நான் சொன்னாலும் கேக்கமாட்டாக. மாதா சொன்னாத்தான் கேப்பாக."

பொய்யா என்று நான் கேட்கவில்லை. ஏர்வாடி தர்காவில் இப்போது துவாவோடு மருந்தும் கொடுக்கிறார்கள்; அரசு மருத்துவர் அங்கேயே வருகிறார். அந்த ஏற்பாட்டை நாங்கள் எல்லாரும் புகழ்கிறோம். இவர் அதைத் தனியாளாக, யாரிடமும் நிதி கேட்காமல் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஆனால் இப்படிக் கடன் வாங்கிய அதிகாரத்துக்கு ஒரு குணம் உண்டு. நல்லதுக்குச் செலவழித்ததைப் போலவே, வாய் தவறிச் சொன்னதும் செல்லுபடியாகிவிடும். திருப்பி வாங்க முடியாது.

அப்படி வாய் தவறியது 2015 ஆடியில். கச்சான் காற்றுக் காலம், தென்கடல் குணம் கெட்டிருக்கும் நேரம். ஒரு வள்ளம் கவிழ்ந்தது. நாலு பேர். மூன்று பேரின் உடல் கரை ஒதுங்கியது. நாலாமவன் கிடைக்கவில்லை. அவன் மனைவி கைக்குழந்தையோடு மடத்து வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பெரிய சிஸ்டர் அவள் தலையில் கை வைத்து, "வருவான்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதில் கணக்கும் இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை காணாமல் போனவர்களுக்கு அப்படிச் சொல்லி, அவர்கள் வந்திருக்கிறார்கள். இருவரும் இராமேசுவரம் விசைப்படகுகளில் போனவர்கள்; இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்தது. பாக் நீரிணையில் ஒரு படகு திரும்பவில்லை என்றால் முதலில் நினைக்கவேண்டியது அதைத்தான். ஆனால் இது தென்கடல். வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. மற்ற மூன்று பேரும் பிணமாக வந்திருந்தார்கள்.

"அவ மூஞ்சியைப் பாத்து வேற என்ன சொல்லச் சொல்றீக?" என்றார். அப்போது அவருக்கு முகங்கள் தெரிந்துகொண்டிருந்தன.

ஏழு வருடம் அந்தப் பெண் காத்திருந்தாள். ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை கேட்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மற்ற மூன்று குடும்பமும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். நிவாரணத்துக்கு மனுக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அதில் 'இறந்துபோன' என்று எழுதவேண்டும். இப்படி முடியாத துக்கத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் நிச்சயமற்ற இழப்பு என்று சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் போகவும் இல்லை. அழவும் முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. இந்தக் கரையில் இதற்குப் பெயர் தேவையில்லை. அடுப்பில் ஒரு ஆள் சோறு கூட வேகும் வீடு என்பார்கள்.

ஏழு வருடம் தகவல் இல்லாதவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது அப்போது நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு. நான் போன அந்த ஆடியோடு ஏழு வருடம் முடிந்திருந்தது. மனுவில் மனைவி கையெழுத்துப் போட்டால் போதும். உபதேசியார் கேட்டார், மாமனார் கேட்டார், நான் கேட்டேன். "சிஸ்டர் வருவாகன்னு சொல்லியிருக்காக" என்பதே பதில்.

அறிக்கை

தலைமைச் சகோதரிக்கு நான் கொடுத்த அறிக்கை இரண்டு பக்கம். சார்ல் போனே நோய்க்குறி; மறதி நோய்க்கான அறிகுறி இப்போது இல்லை; அறையில் நல்ல வெளிச்சம்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை; வாசல் கூட்டத்தைத் துரத்த வேண்டாம், நேரம் குறிக்கவும். அற்புதம் உண்டா இல்லையா என்று எழுதவில்லை. அது என் வேலையில்லை. திருச்சபையே இதில் நிதானமாகத்தான் இருக்கிறது. 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட புதிய நெறிமுறையின்படி, இப்படிப்பட்ட நிகழ்வுகளில் ஒரு ஆயர் வழக்கமாகச் சொல்லக்கூடிய உயர்ந்தபட்சத் தீர்ப்பு 'தடையில்லை' என்பதுதான். இது கடவுளிடமிருந்து வந்தது என்ற உறுதிமொழி அதில் அடங்காது. எனக்குப் பிடித்த தீர்ப்பு.

கிளம்புகிற அன்று பெரிய சிஸ்டர், "என்னை அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்றார். ஆட்டோவில் போனோம்.

ஓலைத் தடுப்பு போட்ட வீடு. மூலையில் கடல்பாசிக்கு முங்கும்போது போடும் கண்ணாடியும் விரலில் சுற்றும் துணியும் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் கட்டிலைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னாள். பெரிய சிஸ்டர் உட்காரவில்லை.

"ஆத்தா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாது. உன்னைத் தேத்துறதுக்காகச் சொன்னேன். என்னை மன்னிச்சுரு."

அவள் பதறிப்போனாள். "ஐயோ சிஸ்டர், நீங்க தப்பாச் சொல்லலை. அவுகதான் வரலை."

யாரும் பேசவில்லை. வெளியே கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வந்தவருக்கு அதை வைக்க இடமில்லை. பெரிய சிஸ்டர் கையை நீட்டித் தடவிக் கட்டிலில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, குரலை மாற்றாமல் சொன்னார்:

"நேத்து ராத்திரி அவனைப் பாத்தேன். சுவத்தோரமா நின்னான். நனைஞ்சிருந்தான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு ஏழு வருடத்து அழுகை வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். நான் செய்யவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. அந்த வாரமே அவள் மனுவில் கையெழுத்துப் போட்டாள். அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு நாலு குடும்பமும் போனதாக உபதேசியார் பின்னால் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று இப்போதும் தோன்றும்.

"நெசமாவே அவனைப் பாத்தீங்களா, சிஸ்டர்?"

"தெனமும் யாராச்சும் நிக்கிறாகதான் தாயி" என்றார். "மூஞ்சிதான் தெரியலை."